இடது பின்சக்கரம்

என் லோடருக்கு ஆயில் சீல் மாற்றிக் கொடுத்தது தான்தான் என்று டெஸ் ஹாலினன் அக்டோபர் மாதம் ஊர் பாரில் உட்கார்ந்து சொன்னார்.

"பாவம், புருஷன் வடக்க சுரங்கத்துல கெடக்கான். இவ தனியா அந்த ஆக்ஸிலோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா. நான் போய் முடிச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

கேட்டவர்கள் மெச்சிக்கொண்டு அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்களாம். நவம்பரில் அதே லோடரின் இடது பின்சக்கரத்தில் தீப்பிடித்து, க்ளைவ் பெட்டிட்டின் பார்லி வயல் எரிந்தது. புகை அடங்குவதற்கு முன்பே அதே டெஸ், அதே வாயால், "பேரிங்க சமையல்கட்டுல வச்சு மாத்துனா இப்படித்தான் ஆகும்" என்றார். பீர் வாங்கிக் குடித்த வேலை ஒரே மாதத்தில் என் வேலையாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் எரிகிறது.

என் பெயர் நெரிடா. எங்கள் ஊரான குனாலிங்கின் கிழக்குக் கோடியில் இருக்கும் கோதுமை நிலம் என் அப்பாவுடையதாக இருந்து என்னுடையதானது. என் கணவர் கோலின் இரண்டு வாரம் இரும்புச் சுரங்கத்தில் இருப்பார், ஒரு வாரம் வீட்டில் இருப்பார். தங்கமான மனிதர். ஆனால் கையில் ஸ்பேனரைக் கொடுத்தால் அதை வைத்து சூப்பைக் கிண்டுவார். அதனால் சமையல் அவருடையது, இயந்திரங்கள் என்னுடையவை. எங்கள் வீட்டில் இதில் யாருக்கும் குழப்பமில்லை. ஊருக்குத்தான் குழப்பம். அறுவடை இயந்திரத்துக்கு நான் புது பெல்ட் மாட்டி ஓட்டிக்கொண்டு போனால், "கோலின் நல்லா வேலை செஞ்சிருக்கானே" என்பார்கள். கோலின் அந்த வாரம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்றிருப்பார்.

எங்கள் பக்கம் சம்பளம் வாங்கும் தீயணைப்புக்காரர்கள் கிடையாது. விவசாயிகள்தான் படை, டெஸ்தான் கேப்டன். தண்ணீர்த் தொட்டி ஏற்றிய பிக்கப் வண்டி எல்லோரிடமும் உண்டு. ஆனால் விழுந்த மரத்தைப் புரட்டித் தள்ளவும், தீ வரும் வழியில் அறுத்த வயலின் தாளைச் சுரண்டி வெறும் மண்ணாக்கவும் லோடர் வேண்டும். கிழக்குப் பக்கத்தில் அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பத்துக் கோடையாக அதை நான்தான் ஓட்டுகிறேன். மற்ற பெண்கள் ஊர் மண்டபத்தில் சாண்ட்விச் வெட்டி அனுப்புவார்கள். அதை இளக்காரமாகச் சொல்லவில்லை, காலி வயிற்றோடு யாரும் தீயணைக்க முடியாது. ஆனால் எனக்கு வெண்ணெய் தடவ வராது. லோடர் ஓட்ட வரும்.

அந்த லோடரின் பின்சக்கர அச்சான ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. விற்ற இடத்தில் கேட்டால், மெக்கானிக் அறுவடை முடிந்த பிறகுதான் வர முடியும் என்றார்கள். அறுவடையும் தீயும் ஒரே பருவத்தில்தான் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? சரி, போங்கள் என்று ஷெட்டுக்குள் கொண்டுவந்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, நானே பிரித்தேன்.

முதலில் வலது பக்கம். சக்கரத்தைத் தாங்கும் கனத்த இரும்புக் குடத்தை ஹப் என்பார்கள். அதற்குள் அடிக்க வேண்டிய பேரிங் வளையங்களை முந்தின நாளே ஃப்ரீசரில் ஆட்டிறைச்சிக்கும் பட்டாணிக்கும் நடுவே போட்டு வைத்திருந்தேன். குளிரில் சுருங்கிவிட்டால் இரண்டு தட்டில் போய் உட்காரும். சீல் வந்து உரசும் வளையத்தை ஓவனில் சூடாக்கி, கையுறையோடு தூக்கி ஆக்ஸிலில் மாட்டினேன். சூட்டில் விரிந்திருந்ததால் வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஹப்பை ஏற்றி, கயிறு சுற்றி, கோலின் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை அதில் மாட்டி இழுத்துப் பார்த்து, இழுவை சரியாக வரும்வரை நட்டை இறுக்கினேன். லூசாக விட்டாலும் பேரிங் போகும், அதிகமாக இறுக்கினாலும் போகும். சமையல்கட்டில் வைத்து மாற்றினேன் என்று டெஸ் நக்கலடித்தது இதைத்தான்.

மறுநாள் இடது பக்கம். அதிலும் பேரிங்குகளை நானே உட்காரவைத்துவிட்டேன். சீல் அடிப்பது மட்டும் பாக்கி. சீல் ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. இரும்பு வளையத்துக்குள் ஒரு ரப்பர் உதடு, உதட்டைச் சுற்றிப் பொடி சுருள்வில். அந்த வில் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். அதைக் கையில் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் டெஸ் வந்தார். எங்களிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், ஏணியைச் சாத்திவிட்டுப் போயிருக்கலாம்.

"என்ன கண்ணு, இதெல்லாம் உனக்கு எதுக்கு? கோலின் வரட்டுமே."

"கோலின் வந்தா கேக்கு சுடுவாரு. சீல் போடறது நான்தான்."

நான் ஜோக் அடித்ததாக நினைத்துக்கொண்டு சிரித்தார். "தள்ளு, தள்ளு. வெரல நசுக்கிக்கப் போற. நீ டார்ச்ச மட்டும் பிடி, போதும்."

என் ஷெட்டில், என் லோடருக்கு, என் டார்ச்சை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். "அங்க இல்ல, இங்க காட்டு. கை ஆடாம பிடி" என்று அவர் அதட்ட அதட்டக் காட்டினேன். அவர் என் அப்பாவின் சிநேகிதர். வயதில் மூத்தவர். படைக்குக் கேப்டன். அந்த மரியாதை என் வாயைக் கட்டிப்போட்டது. அவர் சீலை அடிக்க ஆரம்பிப்பதற்குள் சுரங்கத்திலிருந்து கோலினின் போன் வந்தது. எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி பக்கம் போனால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் டெஸ் சீலை அடித்து, செயின் பிளாக்கில் ஹப்பைத் தூக்கி ஆக்ஸிலில் ஏற்றியும் விட்டார்.

"முடிஞ்சுது" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"உதடு எந்தப் பக்கம் பாக்கற மாதிரி வச்சீங்க?"

"ஏம்மா, நான் மொத சீல் போட்டப்ப நீ பொறக்கவே இல்ல."

கழற்றிப் பார்த்திருக்கலாம். அவர் முன்னாலேயே கழற்றினால் அவருக்கு அவமானம் என்று விட்டேன். நட்டை மட்டும் தராசு வைத்து நானே இறுக்கினேன். அவர் அதைப் பார்த்து, "மீன் என்ன எடை இருக்கு?" என்று கேலி செய்தார். பிறகு டீ போட்டு, கோலின் சுட்டு வைத்துவிட்டுப் போயிருந்த ஆரஞ்சு கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தேன். அந்தக் கேக்கை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

எங்கள் பக்கம் கோடை தொடங்கும் நவம்பரில் ஒரு காலை, க்ளைவின் பார்லிக்கும் சாலைக்கும் நடுவே ஓடும் வண்டித்தடத்தில் ஒரு யூகலிப்டஸ் மரம் விழுந்துவிட்டது. க்ளைவின் அறுவடை இயந்திரம் உள்ளே போக முடியவில்லை. லோடரைக் கொண்டுவரச் சொன்னார். போனேன், மரத்தைப் புரட்டித் தள்ளினேன். திரும்பும்போது ஏதோ தீய்கிற வாடை. கண்ணாடியில் பார்த்தால் இடது பின்சக்கரத்திலிருந்து புகை வருகிறது. ஆக்ஸிலைச் சுற்றி அப்பியிருந்த உமி எண்ணெயில் ஊறி, சூட்டில் பற்றிக்கொண்டிருந்தது. தீயணைப்பானை எடுத்துக்கொண்டு குதிப்பதற்குள் ஒரு பிடி உமி எரிந்தபடியே தரையில் விழுந்தது. காற்று அதை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. காய்ந்த பார்லிக்கு அது போதும்.

படையின் வயர்லெஸ் ரேடியோவில் கத்தினேன். லோடரை உழுது போட்ட மண்ணுக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சக்கரத்தை அணைத்தேன். திரும்பி ஓடிவந்தபோது பிக்கப் வண்டிகள் நாலா பக்கமிருந்தும் புழுதி கிளப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தன. அணைத்துவிட்டார்கள். ஆள் சேதமில்லை, ஆடு மாடு சேதமில்லை. ஆனால் மறுநாள் அறுக்கவிருந்த பார்லி வயல் முழுக்கக் கறுப்பாகக் கிடந்தது. க்ளைவ் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்போதுதான் டெஸ், முகமெல்லாம் கரியோடு, எல்லோர் காதிலும் விழும்படி அந்தச் சமையல்கட்டு வார்த்தையைச் சொன்னார்.

"அந்தப் பக்கம் சீல் போட்டது நீங்க" என்றேன்.

"நானா? நான் சும்மா ஒரு கை பிடிச்சேன். பேரிங் போட்டதும் நட்டு இறுக்கினதும் நீதான? மீன் தராச வச்சு!"

இரண்டு பேர் சிரித்தார்கள். அக்டோபரில் அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை.

அந்த வாரம் முழுக்க ஊரில் என் முகத்துக்கு நேராக யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தபால் நிலையத்தில் நான் நுழைந்ததும் பேச்சு வானிலைக்கு மாறியது. உதிரிபாகக் கடையில் புது சீல் கேட்டேன். கடைக்காரர், "யாரு மாட்டப் போறா?" என்றார். நான் என்றேன். "ஓ" என்றார். அந்த ஓவுக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

டெஸின் மனைவி மொய்ராதான் படையின் செயலாளர். வளைத்துப் பேசத் தெரியாதவள், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். போன் பண்ணினாள்.

"நெரிடா, வியாழக்கிழமை கூட்டத்துல உன் லோடர எடுத்துடறதப் பத்திப் பேசப் போறாங்க. இனிமே தீக்கு அது வரக்கூடாதாம்."

"நான்?"

"மண்டபத்துல ஆளு பத்தலயாம்."

"சாண்ட்விச்சா?"

"முட்டை சாண்ட்விச்" என்றாள். அவளுக்கும் கோபம்தான், குரலில் தெரிந்தது.

வியாழக்கிழமை போனேன். எங்கள் மண்டபத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே எது உடைந்தாலும் டெஸ்தான் சரிசெய்வார். எதைச் சரிசெய்தாலும் நீல நிற சிலிக்கான் பசையைப் பிதுக்கி அப்பிவிடுவார். கைகழுவும் குழாய், டீ பாய்லரின் மூடி, கழிப்பறை ஜன்னல் எல்லாவற்றிலும் நீலம். "கொஞ்சம் அப்பி வச்சா நிம்மதி" என்பது அவர் கொள்கை. சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்வதுபோல அந்தப் பசைக் குழாயை எப்போதும் வைத்திருப்பார். அந்த நீலப் பாய்லரிலிருந்து டீ பிடித்துக்கொண்டு, எல்லோரும் என் லோடரைப் பற்றிப் பேசினார்கள். நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே, நான் இல்லாத மாதிரி பேசினார்கள்.

"வண்டி பழசு."

"வண்டி பழசுன்னா பரவால்ல, வேலை ஒழுங்கா செஞ்சிருக்கணும்."

"கோலின் இருந்திருந்தா நடந்திருக்காது."

அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தேன். கோலின் இருந்திருந்தால்! ஆக்ஸிலுக்கும் அம்மிக்கும் வித்தியாசம் தெரியாத என் கோலின்!

எழுந்து சொன்னேன். "ஹப்ப நான் இன்னும் தொறக்கல. தீப்பிடிச்ச மாதிரியே ஷெட்டுல நிக்குது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. உங்க முன்னாடி தொறக்கறேன். உள்ள இருக்கறது என் தப்புன்னா, சாவிய நானே மொய்ராகிட்ட குடுத்துட்டு முட்டை உரிக்கப் போறேன்."

"எரிஞ்சு போனதுல என்னத்தப் பாக்கறது?" என்றார் டெஸ்.

"நான் வர்றேன்" என்றார் க்ளைவ். தீக்குப் பிறகு நான் கேட்ட அவருடைய முதல் வார்த்தை அது. வயல் அவருடையது என்பதால் மற்றவர்களால் மறுக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயிலும் காற்றும் சேர்ந்துகொண்டு, தீ பயத்தில் ரேடியோவில் அறுவடைத் தடை அறிவித்துவிட்டார்கள். வயலில் வண்டி ஓடக்கூடாது, வெல்டிங் கூடாது, இரும்பு அறுக்கும் கிரைண்டர் கூடாது. வேலை இல்லாமல் போன விவசாயியைப் போல வம்புக்கு அலைகிறவன் உலகத்தில் கிடையாது. இரண்டு பேர் வருவார்கள் என்று நினைத்தேன். கிழக்குப் பக்கமே திரண்டு வந்தது. மடக்கு நாற்காலியும் ஐஸ் பெட்டியும் கொண்டுவந்து, கிரிக்கெட் பார்க்க வந்தவர்கள்போல என் ஷெட்டில் வரிசையாக உட்கார்ந்தார்கள். டெஸ் நடுவில்.

நான் தைரியமாக இருந்தேன் என்று சொன்னால் அது பொய். சீல் அவருடையது, ஆனால் பேரிங் என்னுடையது. நட்டை இறுக்கியது என் கை. தராசைப் பார்த்தது என் கண். கோலினோடு பேசிவிட்டு வந்த அவசரத்தில் தராசைத் தப்பாகப் படித்திருந்தால்? க்ளைவின் வயல் என்னால்தான் எரிந்ததென்றால்? அந்த வாரம் முழுக்க என்னை அரித்த கேள்வி அதுதான். சாண்ட்விச்கூட அப்புறம்தான்.

தீயில் தீய்ந்த டயரைக் கழற்றி உருட்டி வைத்தேன். ஹப்பின் எண்ணெய் மூடியைத் திறந்தேன். குடம் வழிய இருக்க வேண்டிய எண்ணெயில் ஒரு கரண்டி, கன்னங்கரேலென்று, சொட்டிவிட்டு நின்றது. பிறகு ஹப்பின் வெளிமூடியைக் கழற்றி, நட்டைத் தளர்த்தி, வெளிப் பேரிங்கை எடுத்தேன். உருளைகளெல்லாம் சூட்டில் நீலம் பாரித்துக் கருகியிருந்தன.

டெஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா? நான் சொல்லல? பேரிங் செத்துப்போச்சு. ஓவரா இறுக்கியிருக்கா."

நாற்காலிகளில் தலைகள் ஆடின. "ஐயோ, ஆமாய்யா" என்றது ஒரு குரல். நான் பேரிங்கைப் பெஞ்சின் மேல் வைத்தேன். க்ளைவ் என்னைப் பார்த்தார். தீக்குப் பிறகு முதன்முறையாக நேராகப் பார்த்தார், அந்தப் பார்வையில் கோபமில்லை, ஏமாற்றம்தான் இருந்தது. அது கோபத்தைவிட மோசம்.

"முழுசாத் தொறந்தப்புறம் தீர்ப்பு சொல்லலாம்" என்றாள் மொய்ரா, ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே. "நீ உக்காரு, டெஸ்."

செயின் பிளாக்கை மாட்டி ஹப்பை இழுத்தேன். கிரைண்டரைத் தொட முடியாததால் நெம்புகோலும் மரக்கட்டையும் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. யாரும் உதவிக்கு எழவில்லை, நான் கேட்கவுமில்லை. கடைசியில் அது ஆக்ஸிலை விட்டு வந்து சங்கிலியில் தொங்கியது. அதைத் திருப்பி, உள்பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி பெஞ்சின் மேல் இறக்கினேன். துணியால் கரியைத் துடைத்தேன்.

முதலில் தெரிந்தது நீலம்.

சீலின் விளிம்பைச் சுற்றி, தடிமனாக, பிதுக்கி அப்பிய சிலிக்கான் பசை. அந்தச் சனியனைத் தீகூட ஒன்றும் செய்யவில்லை. நடுவில் கருகிப்போன ரப்பர். அந்த ரப்பரைச் சுற்றி, எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டு, பொடி சுருள்வில். எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டியது நாற்காலிகளைப் பார்த்து இருந்தது.

அங்கிருந்த அத்தனை பேரும் மண்டபத்தில் கை கழுவியவர்கள். அத்தனை பேரும் அந்த நீலப் பாய்லரில் டீ பிடித்தவர்கள்.

"டெஸ்," என்றாள் மொய்ரா, "அது நம்ம வீட்டு பாத்ரூம் கலரு."

க்ளைவ் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். "இது திருப்பிப் போட்டிருக்கு" என்றார் மெதுவாக. "வில்லு வெளிய இருக்கு."

டெஸின் கழுத்து சிவந்தது. அப்புறம் அந்த மனிதர் வாயைத் திறந்தார். "கலப்பையில அப்படித்தானய்யா போடுவோம்! டிஸ்க் கலப்பையில உதடு வெளிய பாத்துத்தான் இருக்கணும். கிரீஸ் அடிச்சா புழுதியெல்லாம் வெளிய தள்ளிக்கிட்டு வரும். உங்க அப்பனும் அப்படித்தான் போட்டான், எங்க அப்பனும் அப்படித்தான் போட்டான். கை பழக்கம்."

அது உண்மைதான். எங்கள் மண்ணில் கலப்பைக்கு எல்லோரும் சீலைத் திருப்பித்தான் போடுவார்கள். நானும் அப்படித்தான் போடுவேன். ஆனால் கலப்பையில் இருப்பது கிரீஸ், இதில் இருப்பது எண்ணெய். எந்தச் சாமானைக் கையில் வைத்திருக்கிறோம் என்று ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்ப்பதற்கு வெளிச்சம் இல்லாமலும் இல்லை, போன் வரும்வரை டார்ச்சைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேனே.

அவருக்கு இது முன்னமே தெரியுமா, தீப்பிடித்த அன்றே மனதுக்குள் உறைத்துவிட்டதா, அல்லது நிஜமாகவே மறந்துபோனாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் என் கோபத்தில் ஒரு குண்டுமணி குறையாது.

அதைவிட ஆத்திரம் என்ன தெரியுமா? நாற்காலிகளிலிருந்து வந்த பேச்சுதான்.

"பழக்கதோஷம், பாவம்."

"யாருக்கும் நடக்கக்கூடியதுதான்."

"அவரும் உதவி செய்யணும்னுதான போனாரு."

ஒரு வாரமாக அது என் தப்பாக இருந்தது. அப்போது அது யாருக்கும் நடக்கக்கூடியதாக இல்லை. பெண் செய்தால் மட்டும் நடக்கக்கூடியதாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் அது பழக்கதோஷமாகிவிட்டது, பாவமாகிவிட்டது.

"பேரிங் கருகினது ஏன்னு யாராவது கேளுங்களேன்" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "எண்ணெய் இல்லாம ஓடினா கருகாதா? எண்ணெய் எங்க போச்சு? இந்த வழியாத்தான் போச்சு! போய் உமியில ஊறிச்சு. க்ளைவ், உங்க பார்லிய எரிச்சது இதுதான். நல்லாப் பாத்துக்கோங்க."

க்ளைவ் பார்த்தார். பிறகு லோடரைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனார். "இந்தப் பக்கமும் அப்பதான மாத்துனது?"

"அதே வாரம்."

அந்தப் பக்கத்து எண்ணெய் மூடியைத் திருகினேன். விளிம்புவரை நின்ற எண்ணெய், தேன் நிறத்தில், ஒரு கோடாக வழிந்தது. க்ளைவ் அதில் விரலை வைத்து, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஆக்ஸிலின் உள்பக்கம் கைவிட்டுத் தடவினார். கையை வெளியே எடுத்தபோது அதில் புழுதி மட்டும்தான் இருந்தது, ஒரு சொட்டு ஈரமில்லை.

"சுத்தமா இருக்கே" என்றார் மெச்சிக்கொண்டு. "இத யாரு போட்டுக் குடுத்தா?"

மொய்ரா ஐஸ் பெட்டியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தாள். "க்ளைவ், ஒன் மண்டைக்குத்தான் ஒரு சீல் மாத்தணும்!"

க்ளைவுக்கு அப்போதுதான் தான் கேட்டது என்னவென்று உறைத்தது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஒம் மேல தப்பா நெனச்சுட்டேன், நெரிடா."

"தெரியும்" என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லையாக இல்லை.

அவர் டெஸ் பக்கம் திரும்பினார். "பார்லியப் பத்தி நாம தனியாப் பேசணும், டெஸ்."

"பேசலாம், பேசலாம்" என்றார் டெஸ். அப்படியே கேப்டன் குரலுக்கு மாறிக்கொண்டார். எனக்கு அதைப் பார்க்க வியப்பாகவே இருந்தது, எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது அந்தக் குரல்! "சரி, நடந்தது நடந்துபோச்சு. லோடர் படையிலயே இருக்கட்டும், நெரிடாவே ஓட்டட்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்ல. அவ்வளவுதான், முடிஞ்சுது விஷயம்." பிறகு பெஞ்சின் மேல் நான் பிரித்து வைத்திருந்த புது சீலையும் புது பேரிங்கையும் பார்த்தார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார். சட்டைப் பையில் நீலக் குழாயின் மூடி தெரிந்தது. கையை நீட்டினார்.

"குடு கண்ணு. இந்தத் தடவை சரியாப் போட்டுக் குடுத்துடறேன்."

நாற்காலிகளில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர் கை நீண்டபடியே இருந்தது. கிழக்குப் பக்கம் முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்து அந்தக் கையில் வைத்தேன்.

சீலைத் துடைத்தேன். வில் எண்ணெயைப் பார்க்கும்படி, எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒருமுறை தூக்கிக் காட்டினேன். ஹப்பின் மேல் குனிந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. பின்னால் டார்ச் எரிந்தது, வெளிச்சம் தகரச் சுவரில் போய் விழுந்தது.

"அங்க இல்ல, டெஸ்" என்றேன். "இங்க. கை ஆடாம பிடி."